ஐந்து கட்டை ஹம்

நெய்வேலியின் சரக்கு என்ன என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் பழுப்பு நிலக்கரி என்பார்கள். அது கச்சாப்பொருள். ஊர் விற்பது மின்சாரம். அதிலும் விநாடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் ஊசலாடும் மின்சாரம். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் முதல் யூனிட் ஓடியது. அன்று முதல் எங்கள் வீட்டு அரிசி, சைக்கிள், தீபாவளிச் சட்டை எல்லாம் அந்த ஐம்பதிலிருந்து வந்தவைதான். அப்பா ஷிப்ட் போட்டு அந்த ஐம்பதை உற்பத்தி செய்துகொண்டிருந்தார். நான் வீட்டில் உட்கார்ந்து, அதே ஐம்பது ஒரு மைக் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்துவிடாமல் தடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரில் யாருக்குச் சம்பளம் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

1980-களில் டவுன்ஷிப்பில் மைக்குக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. தொழிற்சங்கங்களின் கேட் மீட்டிங், பொங்கல் விளையாட்டுப் போட்டி, வில்லுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரம், பிளாக்குக்கு பிளாக் நவராத்திரி. பெரிய விழாக்களுக்கு மந்தாரக்குப்பத்திலிருந்து மைக் செட்காரர் புனல் ஸ்பீக்கர்களோடு வந்துவிடுவார். குவார்ட்டர்ஸ் ஹாலில் நடக்கிற நவராத்திரிப் பாட்டுக்கு அவரைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் பாட்டைவிட வாடகை பெரிதாகிவிடும். அந்த இடைவெளியில்தான் என்னைப் போன்றவர்கள் பிழைத்தோம். பிழைப்பு என்றால் சுண்டல்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களிடம் சீட்டு எழுதிக் கொடுத்தால் சாமான் வந்துவிடும். முன்னால் பிசி 149 டிரான்சிஸ்டர் இரண்டு, பின்னால் டிபிஏ 810 ஐசி ஒன்று, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, கைநிறைய ரெசிஸ்டர், கண்டென்சர். மைக் என்பது சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்டென்சர் மைக். அந்தப் பொத்தானின் மூதாதையை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கியது 1962-ல். எங்கள் முதல் யூனிட் ஓடிய அதே வருஷம். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு ஜாதகங்கள் ஒரே வருஷத்தில் பிறந்தன என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆம்பை முதன்முதலில் ஹாலில் மாட்டியபோது, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே அது பேச ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு 'உம்ம்ம்'. வால்யூமைக் கூட்டினால் பாட்டும் கூடியது, அதுவும் கூடியது.

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவர் ரேடியோ கடைக்காரரிடம் கொண்டுபோகச் சொல்லியிருப்பார். நெய்வேலியில் ஹாலில் உட்கார்ந்திருந்த ஆண்களில் பாதிப்பேர் மின்சாரத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள். 50 மெகாவாட், 100 மெகாவாட் யூனிட்டுகளைக் கிரிட்டோடு பிசகாமல் இணைக்கத் தெரிந்தவர்கள். சில வாட் ஆம்பைச் சுற்றிக் கூடி நின்றார்கள்.

"எர்த் சரியில்ல தம்பி" என்றார் சுவிட்ச்யார்டுகாரர்.

"எர்த்தெல்லாம் ஒண்ணும் இல்ல சார், லோடு பேலன்ஸ் இல்ல" என்றார் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ்.

"ஒரே சீரா வருது பாருங்க, இது வைப்ரேஷன்" என்றார் டர்பைன்காரர். அவருக்கு உலகத்தில் எல்லாமே பேரிங் கோளாறுதான்.

பெரும்பான்மைக் கருத்து எர்த் பக்கம் சாய்ந்தது. மறுநாளே தோட்டத்தில் குழி வெட்டி, குழாயை நட்டு, உப்பும் கரியும் போட்டார்கள். கரிக்கு எங்கே போவது என்ற கேள்வியே எழவில்லை. எங்கள் ஊர் ஆலையில் நிலக்கரித் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த லெக்கோ, அடுப்புக்காக வீட்டு மூலையில் இருந்தது. அதை உடைத்துக் கொட்டினோம். தண்ணீர் ஊற்றினோம். அந்த எர்த்தை ஒரு சப் ஸ்டேஷனே நம்பி நின்றிருக்கலாம். கொண்டுவந்து ஆம்பில் கட்டியதும் ஹம் முன்னைவிட கம்பீரமாக வந்தது.

காரணம் பிறகு புரிந்தது. ஆம்போடு ஒரு டேப் ரெக்கார்டரும் இணைந்திருந்தது. அதற்கு ஏற்கெனவே மூன்று பின் பிளக் வழியாக ஒரு எர்த். இப்போது ஆம்புக்கு இன்னொன்று. இரண்டு எர்த்துக்கும் நடுவே வயரின் ஷீல்டு ஒரு பெரிய வளையமாக மாறிவிட்டது. அந்த வளையத்துக்குள் அக்கம்பக்கத்து மின்சாரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட்டைத் தூண்டும். நல்ல எர்த் இரண்டு இருப்பது ஆளுக்குப் பாதுகாப்பு, ஆம்புக்கு வம்பு. ஆடியோவில் எல்லா எர்த்தும் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். ஷீல்டு வயரின் மேலுறையை ஒரு முனையில்தான் கட்ட வேண்டும். ஆளைக் காக்கிற எர்த்தைக் கழற்றிவிட்டு ஹம்மைப் போக்கியவர்களும் உண்டு. அவர்களுடைய பாட்டு சுத்தமாக இருந்தது, மைக்கைத் தொட்டால்தான் பாடகர் கூடுதலாக ஒரு ஸ்வரம் போட்டார்.

கடைசியில் வந்தவர் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷன் மாமா. மெகாவாட்டுகளைப் பார்த்து மயங்காத பிரிவு அது. பாய்லருக்குள் இருக்கும் தெர்மோகப்பிள் தருகிற சில மில்லிவோல்ட்டை நம்பி வாழ்பவர்கள். சின்னச் சமிக்ஞையின் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர் கருத்து எதுவும் சொல்லவில்லை. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"போயிடுச்சா?"

"கொஞ்சம் கொறஞ்சிருக்கு மாமா. போகல."

"அப்ப திருடன் ரெண்டு பேர். ஒருத்தன் வால்யூமுக்கு முன்னாடி, ஒருத்தன் பின்னாடி. தனித்தனியாப் பிடிக்கணும்."

பிறகு சைக்கிள் கடையில் டார்ச் செல் எட்டு வாங்கி வரச் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு செல்களை வரிசையாகக் கட்டினார். ஹம்மில் பெரும்பகுதி மறைந்தது. தென்னிந்தியாவுக்கே கரன்ட் கொடுக்கிற ஊரில், பாட்டு நிம்மதியாகக் கேட்க டார்ச் செல் தேவைப்பட்டது. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் கம்பெனி ஊழியர்கள்.

அடுத்து அவர் காதைத் தீட்டச் சொன்னார். ஹம்மில் இரண்டு ஜாதி உண்டு. டயோடுகள் அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கமாகத் திருப்பிவிடுவதால், சப்ளையிலிருந்து வருகிற ஹம் 100 ஹெர்ட்ஸ். வெளியிலிருந்து வயரில் தொற்றிக்கொள்வது 50 ஹெர்ட்ஸ், இன்னும் கனமாக, மந்தமாக இருக்கும். முதல் ஜாதிக்கு மருந்து ஃபில்டர் கண்டென்சரில். இரண்டாவதற்கு மருந்து ஷீல்டிலும் டிரான்ஸ்ஃபார்மரின் இருப்பிடத்திலும். டிரான்ஸ்ஃபார்மரைச் சும்மா கால்வட்டம் திருப்பி வைத்தாலே அதன் காந்தப் புலம் முதல் டிரான்சிஸ்டரை விட்டு விலகும். திருகை இறுக்கும் முன் திருப்பிப் பார்த்துக் காதால் இடம் தேட வேண்டும். மாமா தேடினார்.

முக்கியத் திருடன் மைக்கிலேயே இருந்தான். கண்டென்சர் மைக்குக்குள் குட்டியாக ஒரு டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சப்ளை கொடுக்க வேண்டும். ஒரு ரெசிஸ்டர் வழியாக நேராக 12 வோல்ட்டிலிருந்து கொடுத்திருந்தது சர்க்யூட். அந்த 12 வோல்ட்டில் எவ்வளவு அலை இருக்கிறதோ, அதில் பெரும்பங்கு மைக் சமிக்ஞையோடு கைகோத்து உள்ளே நுழைந்துவிடும்; பிறகு இரண்டும் சேர்ந்தே பெருகும். மாமா அந்த வழியில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 100 மைக்ரோஃபேரட் கண்டென்சரையும் போட்டார். கணக்கின்படி 100 ஹெர்ட்ஸ் அலை அதில் 60 மடங்குக்கு மேல் குறையும். முதல் டிரான்சிஸ்டருக்கும் அதேபோல் தனியாக ஒரு வடிகட்டி. அது இல்லாவிட்டால் பின்கட்டின் ஆட்டம் சப்ளை வழியாக முன்கட்டுக்குத் திரும்பி வந்து, ஆம்ப் ஆயில் எஞ்சின் மாதிரி 'டப் டப் டப்' என்று தானாக ஓட ஆரம்பிக்கும்.

ஹாலில் இருந்த மற்றத் திருடர்களையும் வரிசையாகப் பிடித்தார். டியூப் லைட் சோக்கைத் தாண்டிப் போன மைக் வயரை எதிர்ச் சுவரோரம் மாற்றினார். அப்போது புதிதாக வந்திருந்த எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை நிறுத்தச் சொன்னார். பழைய ரெசிஸ்டன்ஸ் ரெகுலேட்டர் கையைச் சுடும், கரன்ட்டை வீணாக்கும், ஆனால் வாயைத் திறக்காது. புதுசு ஒவ்வோர் அரைச்சுற்றிலும் அலையை வெட்டி வெட்டிக் கொடுத்துச் சிக்கனம் செய்யும். அந்த வெட்டு ஒவ்வொன்றும் ஆம்பில் 'ஜிர்ர்' என்று கேட்கும். வால்யூம் கன்ட்ரோல் கரகரத்ததற்கு சிடிசி என்கிற கார்பன் டெட்ராகுளோரைடு திரவத்தைச் சொட்டுவிட்டுக் கழுவினார். அது ஈரலுக்கு ஆகாது, ஓசோனுக்கும் ஆகாது என்று பின்னாளில் உலகமே விலக்கியது. அன்றைக்கு அதன் வாசனை எங்களுக்குப் பிடித்திருந்தது.

ஹம் போனது. மிஞ்சியது மெல்லிய 'ஸ்ஸ்ஸ்'.

"இதையும் எடுத்திடலாமா மாமா?"

"இது திருடன் இல்லடா. வீட்டுக்காரன்."

அவர் சொன்னதன் பொருள் இது. எந்த ரெசிஸ்டரிலும், கரன்ட்டே ஓடாவிட்டாலும், வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைபாயும். அதை 1928-ல் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கணக்கால் விளக்கினார். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று அறை வெப்பத்தில், காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வீச்சில், சுமார் 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானாகவே தரும். பேச்சுக்குத் தேவையில்லாத மேல் ஸ்தாயியை வெட்டி 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் அது பாதியாகும். கார்பன் ரெசிஸ்டருக்குப் பதில் மெட்டல் ஃபிலிம் போட்டால், கரன்ட் ஓடும்போது கூடுதலாக வரும் கரகரப்பு குறையும். முதல் கட்டத்தில் மட்டும் காசைச் செலவழித்தால் போதும், ஏனென்றால் அங்கே நுழைவதைத்தான் மற்றதெல்லாம் பெருக்குகிறது. முழுக்க நிறுத்த வேண்டுமென்றால் ரெசிஸ்டரைத் தனிப்பூஜ்ய வெப்பத்துக்குக் குளிர்விக்க வேண்டும். வேப்பமர நிழலிலும் புழுங்குகிற கடலூர் மாவட்டத்தில் அது நடக்கிற காரியமில்லை.

அன்று மாலை ஏழு மணிக்குப் பாட்டு மாமி வந்து உட்கார்ந்தார். அவருடைய சுருதி 5 கட்டை. சுத்தமான ஆம்பில் பாடிவிட்டு, முதல் பாட்டு முடிந்ததும் மைக்கிலேயே கேட்டார்:

"நேத்திக்கு ஒரு சுருதி போட்டிருந்தியே, அது எங்கடா?"

இன்ஸ்ட்ருமென்ட் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் காகிதம் கேட்டார். 5 கட்டை என்பது மேற்கத்தியக் கணக்கில் ஜி. அதன் கீழ் ஸ்தாயி ஒன்றில் அலை எண் 98 ஹெர்ட்ஸ். சப்ளை ஹம் 100. அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு தூக்கல், கேட்கிற காதுக்கு உறுத்தும். ஆனால் அன்றைய தென்னிந்திய கிரிட் 50-ல் எங்கே நின்றது? தேவை அதிகம், உற்பத்தி குறைவு. மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் ஃப்ரீக்வென்சி 49-க்கு இறங்கும், சில நாள் இன்னும் கீழே 48 பக்கம் போகும். 49-ல் ஓடும்போது ஹம் 98. துல்லியமாக 5 கட்டை. கன்ட்ரோல் ரூமில் அந்த முள்ளைப் பார்த்துப் பலருக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், எங்கள் ஹாலில் மின்பற்றாக்குறை மாமிக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. இரவு பத்துக்கு மேல் லோடு குறைந்து ஃப்ரீக்வென்சி ஏறும்போது, மங்களத்தில் மட்டும் ஏதோ சேரவில்லை என்று மாமி முகம் சுளித்ததற்கும் அதுதான் காரணம். கிரிட்டின் நோயைக் காதால் அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்குக் கம்பெனி எதுவும் கொடுக்கவில்லை.

நாடு முன்னேறியது. ஃப்ரீக்வென்சி கெடும்போது கெடுத்தவரிடம் காசு வாங்குகிற கட்டண முறை 2003-ல் தென்மண்டலத்துக்கு வந்தது. 2013-ன் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தென்மண்டலம் தேசிய கிரிட்டோடு ஒன்றாகச் சுழலத் தொடங்கியது. இப்போது 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் நிறுத்த வேண்டும் என்பது விதி. எங்கள் கம்பெனி 2016-ல் பெயரில் இந்தியாவைச் சேர்த்துக்கொண்டது. சோவியத் காலத்து முதல் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. அதன் ஒன்பது யூனிட்டும் சேர்ந்து 600 மெகாவாட். புதிய நிலையத்தில் ஒரே யூனிட் 500. எல்லாம் சீரானது. அதனாலேயே ஹம் இனி எந்த மாலையிலும் 5 கட்டையில் சேராது.

நடுவில் கைபேசி வந்தது. 2000-களின் கல்யாண மேடைகளில், போன் மணி அடிப்பதற்கு முன்பே மைக்கில் 'டிடிட் டிடிட்' என்று விநாடிக்கு 217 துடிப்பாகச் சேதி வந்துவிடும். வாழ்த்துரை வழங்கும் பிரமுகரின் சட்டைப் பையில்தான் குற்றவாளி இருப்பான். அவர் மைக் செட்காரரை முறைப்பார்.

நானும் கம்பெனியில் சேர்ந்து, ஓய்வு பெற்று, வழக்கப்படி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, எங்கள் தலைமுறையில் பலரும் செய்ததுபோல வடலூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டேன். என் மனைவி அந்தப் பாட்டு மாமியிடம் படித்தவள். இவளுக்கும் 5 கட்டை. நியூஜெர்சியில் இருக்கும் பேத்திக்கு வாரக் கடைசியில் ஜூமில் சங்கீதப் பாடம். லேப்டாப்பின் மைக்கைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அரிசிமணி அளவில் சிலிக்கானில் செதுக்கியது. சால்டரிங் அயர்ன் வைத்தால் அயர்ன்தான் பெரிதாகத் தெரியும்.

பாடம் தொடங்கினால் மனைவியின் குரல் அங்கே கேட்கிறது, சுருதிப் பெட்டி கேட்கவில்லை.

"பாட்டி, சுருதி ஆன் பண்ணு."

"பண்ணியிருக்கேண்டி கண்ணா. காதைப் பிளக்கிறது இங்கே."

விஷயம் எளிது. பேச்சு ஏறி இறங்கும். இரைச்சல் ஒரே சீராக நிற்கும். அந்தச் சீரை மதிப்பிட்டுக் கழித்துவிடலாம் என்று 1979-ல் ஸ்டீவன் போல் என்பவர் ஒரு வழி காட்டினார். இன்றைய மென்பொருள் அதைவிட நுட்பமாக, பேச்சு எது, மற்றது எது என்று பழகிப் பழகிக் கற்றிருக்கிறது. ஃபேன் சத்தம், ஏசி உறுமல், ஹம் எதுவும் மறுமுனைக்குப் போகாது. நாங்கள் ராத்திரி பகலாக லெக்கோ உடைத்துச் சாதிக்க முடியாததை அது கேட்காமலே செய்துவிடுகிறது. ஆனால் விடாமல் ஒரே சீராக நிற்பதுதான் சுருதியின் லட்சணம். அப்போது எங்கள் ஆம்ப் ஹம்மைச் சுருதி என்று கொடுத்தது. இப்போது இந்தப் புத்திசாலி சுருதியை ஹம் என்று எடுத்துவிடுகிறது. மாமி இருந்திருந்தால் பழைய ஆம்பையே தேர்ந்தெடுத்திருப்பார்.

2020-ல் ஊரடங்கு நாட்டையே ஜூமில் உட்கார வைத்தபோது எல்லாப் பாட்டு டீச்சர்களும் இதே சுவரில் முட்டிக்கொண்டார்கள். அதற்கென்று 'ஒரிஜினல் சவுண்டு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் அமுக்கினால் சலித்தெடுக்கும் வேலை நிற்கும். அமுக்கினோம். சுருதி போய்ச் சேர்ந்தது. கூடவே பக்கத்து வீட்டு மிக்ஸி, எங்கள் தெரு மயில், அங்கேயிருந்து மருமகனின் காபி மெஷின், எல்லாம் டிக்கெட் இல்லாமல் கடல் தாண்டின.

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். பழைய பழக்கத்தில் காது அடியில் போய்த் தேடியது. இரண்டு ஹம். ஒன்று எங்கள் லேப்டாப்பின் இரண்டு பின் சார்ஜரிலிருந்து, நம்ம ஊர் 100. இன்னொன்று கொஞ்சம் மேலே. அமெரிக்காவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஆகவே அவர்கள் ஹம் 120. நூறுக்கு நூற்றிருபது, அதாவது ஐந்துக்கு ஆறு. காகிதத்தைத் தேடுவதற்குள் மனைவி ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு கணம் கேட்டாள்.

"நம்முதை ஷட்ஜமா வெச்சுண்டா, அவாளுது சாதாரண காந்தாரம்."

கணக்கும் அதையேதான் சொன்னது. சாதாரண காந்தாரத்தின் விகிதம் ஆறுக்கு ஐந்து, பிசிறே இல்லாமல். இரண்டு தேசங்களின் மின்வாரியங்கள் பேசி வைத்துக்கொண்டாலும் இவ்வளவு சுத்தமாகச் சேர்ந்திருக்காது. எனக்கு அதை அப்படியே விட்டுவிட ஆசை. இன்ஸ்ட்ருமென்ட் மாமாவுக்குப் போன் போட முடியாத வருத்தம் வேறு.

"கழற்ற வேண்டாம், இருக்கட்டுமே" என்றேன்.

"அவளுக்கு இப்ப சரளி வரிசை. மாயாமாளவகௌளைக்கு அந்தர காந்தாரம். இந்தக் காந்தாரத்தைக் கேட்டுண்டே பாடினா கொழந்தைக்குக் காது கெட்டுடும். ரெண்டு வீட்டிலயும் சார்ஜரைக் கழட்டுங்கோ."

கழற்றினோம். பேட்டரியில் பாடம் நடந்தது.